துவைக்கிற கல்லின் கடைசி வரி

போன ஞாயிறு நம் கல்வெட்டுக் குழுவின் கூட்டம் முடிந்ததும் உங்களில் ஒரு பெண் என்னிடம் வந்து, "மேடம், கல்வெட்டு படிக்க எந்த பிரஷ் வாங்கணும்?" என்று கேட்டாள். சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது எனக்கே எரிச்சலாக இருந்தது. பிரஷ் எந்தக் கடையிலும் கிடைக்கும். கல்லைச் சுற்றி நிற்கிற ஜனங்களிடம் என்ன பேசுவது என்பதை எந்தக் கடையில் போய் வாங்குவீர்கள்? அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். செல்போனை ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள்.

நான் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் என்பது உங்களுக்குத் தெரியும். சம்பளம் வாங்கியது பாடம் நடத்த. செருப்பு தேய்ந்தது பெங்களூரின் பழைய கற்களுக்காக. இந்த ஊர்க் கல்வெட்டுகளில் கோயிலுக்குள் பத்திரமாக இருப்பவை கொஞ்சம். மிச்சமெல்லாம் சாக்கடை மூடியாகவும் மாட்டுக் கொட்டகைப் படியாகவும் பரோட்டா மாவு பிசைகிற மேடையாகவும் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். அவற்றைக் கேட்டுப் போனால் முதலில் நாயும் அப்புறம் வீட்டுக்காரரும் வெளியே வருவார்கள். இரண்டு பேரையும் சமாளித்த பிறகுதான் வரலாறு.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் பெயரை எழுத மாட்டேன். உயிரோடிருந்தபோதே பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார். அந்தக் காலத்தில் தேய்ந்த எழுத்தைப் படிக்கக் கல்லில் மாவு தூவித் துடைப்போம். பள்ளத்தில் மாவு தங்கி எழுத்து பளிச்சென்று தெரியும். நீங்கள் இப்போது அப்படிச் செய்யக் கூடாது, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். அவர் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: "மாவு போட்டால் கழுவிவிட்டு வா. வெள்ளையாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது கல் இருக்காது, சாமிதான் இருக்கும்." அனுபவித்துச் சொன்ன வார்த்தை. அல்சூர்ப் பக்கம் ஒரு தெருமுனையில் நில அளவைக் கல் ஒன்றுக்கு மாவு பூசிப் பார்த்துவிட்டு, அதில் ஒன்றுமில்லை என்று அப்படியே விட்டுவிட்டு வந்தாராம். இன்றைக்கு அதற்குக் கூரை உண்டு, இரும்புக் கேட் உண்டு, ஆடி மாதம் மைக்செட் உண்டு. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார். கேட்டால், "நான் பிரதிஷ்டை பண்ணின சாமிம்மா, மரியாதை குடுக்கலேன்னா எப்படி?" என்பார்.

இப்போது தொம்மலூர்.

நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது இது. எங்காவது பள்ளம் தோண்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போய் எட்டிப் பார்ப்பது எனக்கு ஒரு வியாதி. தொம்மலூரில் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் பழைய ஊர் இருக்கிறதல்லவா, அங்கே ஒரு சந்தில் சாக்கடைக் குழாய் போடுகிறார்கள் என்று கேட்டுப் போனேன். சந்தின் திருப்பத்தில், ஒரு வீட்டு வாசலை ஒட்டி, அகலமான துவைக்கிற கல் ஒன்று கிடந்தது. பள்ளம் அதன் ஓரம் வரை வந்திருந்ததால் மண் சரிந்து, கல்லின் அடிப்பக்கம் லேசாகத் தெரிந்தது. குனிந்தேன். சரியாகத் தெரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, தரையில் குப்புறப் படுத்து டார்ச் அடித்தேன்.

ஒரு பாதம் தெரிந்தது. கழல் மாட்டிய, செதுக்கிய பாதம்.

இதற்குள் எனக்குப் பின்னால் கூட்டம் கூடிவிட்டது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பையன், "ஆன்ட்டி, மயக்கமா? ஆம்புலன்ஸ் கூப்பிடட்டா?" என்று போனை எடுத்துவிட்டான். யாரோ சோடா கொண்டுவந்தார்கள். வீட்டுக்காரி வாளியோடு வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பாக்கியம் என்று பெயர். பக்கத்துக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை. அன்றைக்கு மாலை ஷிப்ட்.

"இன்னாம்மா, என் கல்லுக்கு அடியில இன்னா தேடறீங்க? கொலுசு எதுனா வுழுந்துச்சா?"

"கொலுசு இல்லம்மா," என்றேன் படுத்தபடியே, "காலே இருக்கு."

அவள் அலறிய அலறலில் ஆம்புலன்ஸ் பையன் போலீஸையும் கூப்பிடப் பார்த்தான். எழுந்து உட்கார்ந்து, சோடாவைக் குடித்துவிட்டு, நான் கல்லூரியில் வரலாறு நடத்தியவள், இது நிஜக் கால் இல்லை, சிற்பம் என்று விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. சண்டையில் செத்தவனுக்கு ஊரார் நட்ட வீரக்கல் இது, பிறகு யாரோ குப்புறப் போட்டுவிட்டார்கள், முதுகுப் பக்கம் வழவழப்பாக இருந்ததால் துவைக்க வசதியாகிவிட்டது என்று சொன்னேன். பாக்கியம் நம்பவில்லை. "எங்க மாமியா காலத்துல இருந்து இதுலதான் தொவைக்கிறோம். அப்பல்லாம் யாருக்கும் காலு கையி இருந்தா மாதிரி தெரியலியே" என்றாள்.

அப்போதுதான் வேலையைக் கவனிக்கிற சூப்பர்வைசர் மஞ்சுநாத் வந்தான். கனகபுரா பக்கத்துக் கன்னடக்காரன், தமிழ் நன்றாகப் பேசுவான், நல்ல பிள்ளை, ஆனால் அவனுக்கு அவசரம். குழாய் நேராகப் போக வேண்டும், கல் அந்தக் கோட்டில் கிடக்கிறது, மத்தியானம் இன்ஜினியர் வருவதற்குள் உடைத்து அள்ளிவிட வேண்டும். அவனைவிட அவசரம் எதிர்வீட்டுக் கோவிந்தராஜுக்கு. யாரும் தேர்ந்தெடுக்காமலேயே அந்தச் சந்துக்குத் தலைவரானவர். புதுக் கார் வாங்கியிருந்தார்.

"மஞ்சு, மொதல்ல அந்தக் கல்ல ஒடச்சித் தூக்குப்பா," என்றார். "வண்டி திரும்பறதுக்கே எடம் இல்ல. எத்தினி வாட்டி சொல்றது? சனியன் புடிச்ச கல்லு."

இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நான் மஞ்சுநாத்தின் காலில் விழாத குறை. "உடைக்கறதுன்னா உடைப்பா. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை புரட்டிக் காட்டு" என்றேன். "கிரிகிரி பேடா மேடம், தொந்தரவு வேணாம்" என்று தலையில் கை வைத்தான். நான் நகரவில்லை. கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அறுபது தாண்டியவளைத் தூக்கிப் போட அவனுக்கு மனம் வரவில்லை. கடைசியில் கோணிப்பை சுற்றி, கயிறு கட்டி, ஜேசிபியால் மெதுவாகப் புரட்டினார்கள். பாக்கியம் முணுமுணுத்துக்கொண்டே தன் சோப்புத் தண்ணீர் வாளியைத் தூக்கி, ஒட்டியிருந்த சேற்றின் மேல் வீசி ஊற்றினாள்.

முறுக்கு மீசை. ஓங்கிய வாள். காலடியில் வரிசையாக மாடுகள். மேலே அவனை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகச் சொர்க்கத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். நடுவில் இரண்டு பட்டைகளில் பழைய தமிழ் எழுத்து. குப்புறக் கிடந்ததால் அந்த மீசையின் முறுக்குக்கூடக் கலையவில்லை. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

கோவிந்தராஜ் செருப்பைக் கழற்றினார்.

அவ்வளவுதான். ஒருவர் கழற்றினால் போதும், சந்தே கழற்றிவிட்டது. யாரோ குங்குமம் கொண்டுவந்தார்கள், யாரோ கற்பூரத்துக்கு ஓடினார்கள். சனியன் பிடித்த கல் கண்மூடித் திறப்பதற்குள் சாமியாகிவிட்டது. நான் ஒரு பக்கம், அப்பாடா, கல் தப்பித்தது என்று மூச்சுவிட்டேன். கோவிந்தராஜ் பாக்கியத்தின் பக்கம் திரும்பினார்.

"சாமி முதுகுல இத்தினி வருஷம் சோப்பு போட்டு அடிச்சிருக்கியே! அதான் என் போர்ல தண்ணி நின்னுபோச்சு. அதான் என் பையன் நிச்சயதார்த்தம் நின்னுபோச்சு. நான்கூட ஜாதகம்னு நெனச்சேன்."

பின்னாலிருந்து ஒரு அம்மா தன் மூட்டுவலியைச் சேர்த்தாள். இன்னொருவர் முன்பெல்லாம் சந்து முனையில் நின்ற பஸ் இப்போது நிற்காமல் போவதைச் சேர்த்தார். ஆளுக்கு ஒரு குறையைக் கொண்டுவந்து பாக்கியத்தின் தலையில் போட்டார்கள். கோவிந்தராஜ் தீர்ப்பும் சொல்லிவிட்டார்: பாக்கியம் தீச்சட்டி எடுக்க வேண்டும், பரிகாரம் செய்து முடிக்கும்வரை பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது.

பாக்கியம் காலி வாளியைப் பிடித்தபடி நின்றாள். அதுவரை யாரையும் பேசவிடாமல் பேசியவள். "நான் துணியத்தான அடிச்சேன்," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். "டீச்சர், நான் துணியத்தான அடிச்சேன்?" தண்ணீர் இல்லாமல் எப்படிச் சமைப்பாள், எப்படி வேலைக்குப் போவாள்? எனக்குக் கோவிந்தராஜின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என் மேலும் வந்தது. கல்லைப் புரட்டச் சொன்னவள் நான்தானே.

மஞ்சுநாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவனுக்கு அவன் கவலை.

"மேடம், நீங்க ஓதினவங்க. ஒரே வார்த்தையில சொல்லுங்க. இது தேவரா, கல்லா? தேவருன்னா, சாமின்னா, நான் கை வெக்க மாட்டேன், இன்ஜினியர்கிட்ட சொல்லி பைப்ப வளச்சுக்கறேன். வெறும் கல்லுன்னா இப்பவே ஒடச்சுடறேன்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இது நம் பாரம்பரியச் சின்னம் என்று ஆரம்பித்தேன். கல்லூரியில் அந்தச் சொற்பொழிவுக்குக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். மஞ்சுநாத் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாரம்பரியா, சரி மேடம். தேவரா இல்லையா?" என்றான்.

என் இக்கட்டு புரிகிறதா? சாமி என்று சொன்னால் கல் பிழைக்கும். பாக்கியம் சாமி முதுகில் துவைத்த பாவி ஆவாள். சாமி இல்லை என்று சொன்னால் பாக்கியம் பிழைப்பாள். கல் மத்தியானத்துக்குள் ஜல்லியாகும். இரண்டில் ஒன்று என்று ஜேசிபி உறுமிக்கொண்டு நிற்கிறது. இதற்கெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் அத்தியாயம் கிடையாது.

அந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வீர்கள்? நான் செய்ததைச் சொல்கிறேன்: மாவு கேட்டேன்.

"நானும் சொல்ல வேணாம், நீங்களும் சொல்ல வேணாம்," என்றேன் சத்தமாக. "கல்லுல எழுத்து இருக்கு. அதுவே சொல்லட்டும். யாராவது மாவு கொண்டாங்க."

பாக்கியம்தான் உள்ளே ஓடினாள். பதற்றத்தில் கேழ்வரகு மாவை அள்ளிக்கொண்டு வந்தாள். கறுத்த கல்லில் கேழ்வரகைப் பூசி என்னத்தைப் படிப்பது? திருப்பி அனுப்பி அரிசி மாவு வரவழைத்தேன். தூவினேன், உள்ளங்கையால் மெல்லத் துடைத்தேன். எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தது.

முதல் வரியில் வீரனின் பெயர் இருக்க வேண்டும். தேய்ந்துபோயிருந்தது. கடைசியில் ஒரு 'ன்' மட்டும் மிச்சம். ஆண்பிள்ளை என்பது உறுதியானது. அதை மீசையே சொல்லியிருந்தது. அடுத்தது தெளிவு: தொறு மீட்டுப் பட்டான். "மாட்டுக் கூட்டத்த எவனோ ஓட்டிக்கினு போயிருக்கான். இந்த ஆளு போய் மீட்டுக்கிட்டு வந்து, செத்துப்போயிருக்கான். இந்த ஊரு மாடுங்களுக்காகச் செத்த மனுஷன் இவன்" என்று சொன்னேன். கூட்டத்தில் சிலர் 'அய்யோ பாவம்' என்றார்கள், ஏதோ நேற்று நடந்ததைப் போல.

கடைசி வரிக்கு வந்தேன். 'இது அழித்தான்' என்று இரண்டு சொல். அதற்கப்புறம் கல் பெயர்ந்துபோயிருந்தது. ஒரு கீறல்கூட மிச்சமில்லை.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நம் தொழிலில் ஒரு ஒழுக்கம் இருக்கிறது. கல்லில் இருப்பதை இருக்கிறபடி எழுதுவோம். உடைந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று மற்றக் கல்வெட்டுகளை வைத்து நிரப்பினால், அதைச் சதுர அடைப்புக்குள் போடுவோம். இது கல்லுடையது, இது என் ஊகம் என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். 'இது அழித்தான்' என்று தொடங்கினால் பின்னால் பெரும்பாலும் என்ன சாபம் வரும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். வேறு மாதிரியும் வருவதுண்டு. ஆனால் பெரும்பாலும் அதுதான். காகிதத்தில் எழுதினால் அடைப்புக்குறி போட்டிருப்பேன். வாயால் படிக்கும்போது அடைப்புக்குறியை எப்படிப் படிப்பது, சொல்லுங்கள்?

எழுந்து நின்றேன். குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"இந்தக் கல்ல அழிச்சவன், கங்கைக் கரையில பசுவக் கொன்ன பாவத்துல போவான்!"

நான் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை; ஜேசிபி தானாக அணைந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து தள்ளி நின்றார். மஞ்சுநாத் இரண்டடி பின்னால் போனான். "மேடம், எங்க வீட்ல ரெண்டு ஹசு இருக்கு," என்றான், பசு என்பதைப் பதற்றத்தில் கன்னடத்திலேயே சொல்லிவிட்டு. "நான் ஒடைக்கறேன்னு சொன்னேன், அஷ்டே, அவ்ளோதான். இன்னும் தொடவே இல்ல. நீங்களே சாட்சி."

கோவிந்தராஜ் விடவில்லை. "அழிச்சவனுக்குச் சரி. மேல துணி தொவச்சவங்களுக்கு என்ன போட்டிருக்கு? அதப் படிங்க."

நான் மறுபடி குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மேலிருந்து கீழ்வரை நிதானமாகத் தேடினேன். "தொவச்சவங்களப் பத்தி ஒரு எழுத்து இல்லீங்க," என்றேன். "இதுல சாபம் அழிச்சவனுக்கு மட்டும்தான். அதுவும் இல்லாம, முகம் இவ்வளவு நல்லா இருக்கறதே குப்புறக் கிடந்ததாலதான். அந்தம்மா தொவைக்கலேன்னா இந்தக் கல்லு என்னிக்கோ யாரு வீட்டு அஸ்திவாரத்துக்கோ போயிருக்கும். காப்பாத்தினதே அவங்கதான்." இதில் அடைப்புக்குறி தேவையே இல்லை, ஒவ்வொரு சொல்லும் உண்மை.

பாக்கியத்துக்கு மூச்சு திரும்பியது. மூச்சு திரும்பியதும் பேச்சும் திரும்பியது. வாளியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே," என்றாள் கோவிந்தராஜைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக, "காலையில இத ஒடைன்னு மஞ்சுகிட்ட சொன்னது யாரு? சனியன் புடிச்ச கல்லுன்னது யாரு?"

சந்து முழுவதும் கோவிந்தராஜைத் திரும்பிப் பார்த்தது. மனிதருக்கு வியர்த்துவிட்டது. "நான் ஒடைன்னா சொன்னேன்? ஓரமா நகத்துன்னு சொன்னேன்" என்று இழுத்தார். "ஒடச்சித் தூக்குன்னீங்க, சார்" என்றான் மஞ்சுநாத், தன் பங்குப் பாவத்தைக் குறைத்துக்கொள்கிற ஆவலில். மூட்டுவலி அம்மா, "அதான் உங்க போர்ல தண்ணி வரல" என்று முடித்துவைத்தாள். தீச்சட்டி எடுக்க வேண்டியது யார் என்ற விவாதம் வேறு பக்கம் திரும்பியது. அன்றைக்குப் பொதுக் குழாயில் பாக்கியத்துக்கு முதல் குடம் பிடித்துக்கொடுத்தவர் கோவிந்தராஜின் மனைவி.

மத்தியானம் இன்ஜினியர் வந்து, குழாய் ஏன் அந்த இடத்தில் வளைகிறது என்று கேட்டார். மஞ்சுநாத் பசுக் கதையைச் சொன்னான். அவர் வரைபடத்தில் ஒரு வளைவு போட்டுக்கொண்டு போய்விட்டார். நீங்கள் தொம்மலூர் போனால் பார்க்கலாம், சந்துத் திருப்பத்தில் சாக்கடை மூடிகள் ஒரு சுற்று சுற்றிப் போகும். எத்தனையோ கட்டுரை எழுதியிருக்கிறேன். சிமெண்டில் நின்றது அது ஒன்றுதான். கல்லைச் சுவரோரம் நிமிர்த்தி நட்டார்கள். மாவை நானே கழுவிவிட்டேன். இருந்தாலும் வெள்ளிக்கிழமை ஒரு குங்குமப் பொட்டு விழுந்துவிடுகிறது. எழுத்தின் மேல் மட்டும் வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன், மீசைக்கு மேலே வைக்கிறார்கள்.

இந்தக் கல்லைப் பற்றிய என் கட்டுரை வெளியானபோது கடைசி வரியில் இரண்டு சொல்லுக்குப் பின் பசுச் சாபத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டேன். உங்களில் ஒரு தம்பி, பெயர் சொல்ல மாட்டேன், 'மேடத்தின் நிரப்பல் சற்று அதிகத் துணிச்சல்' என்று நம் குழுவில் எழுதியிருந்தார். காகிதத்தில் அது சரியான கண்டனம் தம்பி, ஒப்புக்கொள்கிறேன். சந்தில் நின்று அதைச் சொல்லியிருந்தால் உங்களை அந்தப் பள்ளத்திலேயே தள்ளியிருப்பேன்.

கொஞ்ச நாள் கழித்துப் போனேன். மஞ்சுநாத் பாக்கியத்துக்குப் புதிதாக ஒரு கருங்கல் பலகை கொண்டுவந்து போட்டிருந்தான். அதில் துவைப்பதற்கு முன்னால் அவனைக்கொண்டே புரட்டிப் போடவைத்து, அடியில் யாரும் இல்லை என்று பார்த்த பிறகுதான் இறக்கவிட்டாளாம். எனக்குக் காபி கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"டீச்சர், அந்தப் பசு விசயம் நெசமாவே கல்லுல கீதா?"

அவளிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அழித்தான் என்கிற சொல்வரைக்கும்தான் கல்லில் இருக்கிறது, அதற்கப்புறம் பெயர்ந்துபோய்விட்டது, மற்றக் கல்லில் இருப்பதை வைத்து நான் சொன்னேன் என்றேன். பாக்கியம் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சுவரோரம் நின்ற மீசைக்காரனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ அந்த ஒடஞ்ச எடத்துல, தொவச்சவங்களுக்கும் இன்னானா எழுதியிருந்தா?"

முப்பது வருஷம் வகுப்பெடுத்தவள் நான். காபியை ஊதினேன்.

"வுடுங்க," என்றாள். ஈரத் துணியை முறுக்கி எடுத்தாள். "அது பேந்தது பேந்ததாவே இருக்கட்டும். யாரு வந்து கேட்டாலும் நீங்களே படிச்சுச் சொல்லுங்க. வேற யாரையும் வுடாதீங்க."

சொல்லிவிட்டுப் புதுக் கல்லில் துணியை ஓங்கி அடித்தாள்.